8.8-ல் தப்பித்த ஊர், 6.0-ல் புதைந்த ஊர்: நிலநடுக்கக் கணக்கில் சேலம் எங்கே நிற்கிறது?

2025 ஜூலை 30. ரஷ்யாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கம்சட்கா தீபகற்பத்தை ஒட்டி, கடலுக்கடியில் 8.8 அளவில் நிலம் குலுங்கியது. கருவிகள் வந்த பிறகு உலகத்தில் பதிவான மிகப் பெரிய நிலநடுக்கங்களில் இதுவும் ஒன்று. ஜப்பானிலிருந்து ஹவாய் வரை சுனாமி எச்சரிக்கை பறந்தது. ஆனால் கம்சட்காவில் கட்டடம் இடிந்து விழுந்து ஒருவர்கூடச் சாகவில்லை.

அடுத்த ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்பு, ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணம் அதிர்ந்தது. அளவு 6.0 தான். தூக்கத்திலேயே 2,200 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கம்சட்காவில் வெளிப்பட்ட ஆற்றல் குனாரில் வெளிப்பட்டதைப் போல சுமார் 16,000 மடங்கு. அப்படியென்றால் ஆளைக் கொன்றது எது?

இந்த 6.0 என்கிற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு அது ஏதோ வெளிநாட்டுச் செய்தியில் வரும் எண் மட்டும் இல்லை.

"கம்சட்காவில் மனுஷங்களே கம்மி, அதனால்தான் தப்பித்தார்கள்" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் 2010-ல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று ஹைட்டி நாட்டின் தலைநகருக்குப் பக்கத்தில் 7.0 அளவில் நிலநடுக்கம். மிகக் குறைத்துச் சொல்பவர்களின் கணக்கிலேயே செத்தவர்கள் பல்லாயிரம் பேர். அந்நாட்டு அரசின் கணக்கு மூன்று லட்சத்தைத் தொடுகிறது. ஆறே வாரம் கழித்து, பிப்ரவரி 27 அன்று சிலி நாட்டில் 8.8. ஹைட்டியைவிட சுமார் 500 மடங்கு ஆற்றல். சிலியில் ஊர்களும் இருந்தன, மாடிக் கட்டடங்களும் இருந்தன, மக்களும் இருந்தார்கள். இறந்தவர்கள் சுமார் 525 பேர். அதிலும் கணிசமானவர்களைக் கொண்டுபோனது சுனாமி.

சிலி இதை ஒரே நாளில் கற்கவில்லை. 1960-ல் அங்கே 9.5 அளவில் வந்ததுதான் இன்றுவரை உலகத்தில் பதிவான மிகப் பெரிய நிலநடுக்கம். அடிபட்டு அடிபட்டு கட்டட விதிகளை இறுக்கினார்கள். கட்டட அமைப்பில் குறை தெரிந்தால் கட்டி விற்ற முதல் உரிமையாளர் பத்து ஆண்டுவரை பொறுப்பு என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஹைட்டியில் நடைமுறையில் அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

சேலத்தில் நிலநடுக்கமா?

2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை காலை. சேலம், தர்மபுரி வட்டாரத்தில் சில விநாடிகள் தரை அதிர்ந்தது. அளவு 3.3. வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தவர்களில் பலருக்கு முதலில் தோன்றியது கல்குவாரி வெடியாக இருக்கும் என்பதுதான். குவாரி வெடியும் தறிச் சத்தமும் பழகிப்போன மாவட்டங்களில் தரை அதிர்ந்தால் நிலநடுக்கம் என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது.

அதே வாரம்தான் மேட்டூர் அணை பல ஆண்டுகளுக்குப் பிறகு 120 அடியைத் தொட்டது. உடனே "அணை நிரம்பினதாலதான் பூமி ஆடுச்சு" என்ற பேச்சும் கிளம்பியது. சும்மா தள்ளிவிடக்கூடிய பேச்சு இல்லை இது. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை 1962-ல் நீர் பிடிக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பகுதியில் அதிர்வுகள் ஆரம்பித்தன. 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் பெரிய நிலநடுக்கமே வந்தது. நீர்த்தேக்கத்தின் எடையும், பாறை இடுக்குகளில் இறங்கும் நீரின் அழுத்தமும் ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும் பிளவைத் தூண்டிவிடலாம் என்பதற்கு உலகம் முழுக்கக் காட்டப்படும் உதாரணம் கொய்னாதான். ஆனால் மேட்டூர் 1934-லிருந்து நிரம்பியும் வற்றியும் கொண்டிருக்கிற அணை. ஒரேயொரு 3.3 அதிர்வை வைத்து அணை மேல் பழி போட முடியாது.

3.3 ஒரு ஓட்டைக்கூட அசைக்காது. அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் 6.0 என்பது 3.3-ஐப் போல 11,000 மடங்கு. அந்த 6.0 இந்த வட்டாரத்துக்கு வந்திருக்கிறதா என்றால், வந்திருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அதிகாலை, கோயம்புத்தூர் – பாலக்காடு பகுதியில், சுமார் 6.0 அளவில். தென்னிந்தியாவின் பெரும் பரப்பில் அது உணரப்பட்டது. மையப்புள்ளியிலிருந்து சேலம் நேர்கோட்டில் 200 கி.மீ.க்குள்தான்.

அன்றைக்கு இருந்த ஊர் வேறு. 1901 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் கோயம்புத்தூர் நகரத்தில் ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர், சேலத்தில் சுமார் 70,000 பேர். பெரும்பாலும் தரைத்தள வீடுகள். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியில் மட்டும் 8.29 லட்சம் பேர். 1900-ல் வந்த அதே அதிர்வு இன்றைக்கு வந்தால் அது சந்திக்கப்போவது மாடி மேல் மாடி வைத்த ஒரு ஊரை.

இந்தப் பக்கத்துத் தரை உலகத்திலேயே மிகப் பழைய பாறைகளில் ஒன்று. சுமார் 250 கோடி ஆண்டு. எத்தனை அடியில் கல் தட்டும் என்று திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். பழைய பாறை என்றால் அசையாது என்று ஒரு நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. இமயமலை போல தட்டுகள் மோதும் விளிம்பு இங்கே இல்லை என்பதால் பெரிய நிலநடுக்கம் மிக அபூர்வம். ஆனால் இந்தியத் தட்டு வடக்கே ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நகர்ந்து ஆசியாவை இடித்துக்கொண்டே இருப்பதால், அந்த அழுத்தம் தட்டின் உள்பகுதியிலும் ஏறுகிறது. பவானி, சேலம், ஆத்தூர் வழியாகப் பல கோடி ஆண்டுக்கு முந்தைய பிளவுப் பட்டைகள் ஓடுகின்றன. ஏறும் அழுத்தம் இப்படிப்பட்ட பழைய தையலில்தான் விடும். இன்னொன்று: கெட்டியான பழைய பாறையில் அதிர்வு சீக்கிரம் தணியாது, தூரம் போகும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2002-ல் திருத்திய நிலநடுக்க வரைபடத்தில் நாடு இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. கோயம்புத்தூர், சென்னை, வேலூரோடு சேலமும் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. 'மிதமான ஆபத்து'. கேட்க ஆறுதலான வார்த்தை. அந்த ஆறுதலை நம்பிய ஒரு ஊரின் கதையைப் பார்க்கலாம்.

கில்லாரி: வெயிலுக்குப் போட்ட கூரை

அந்த வரைபடத்தில் இரண்டாம் எண்ணிலிருந்து ஏன் ஆரம்பிக்கிறார்கள்? முன்பு ஒன்றாம் மண்டலம் என்று ஒன்று இருந்தது. ஆபத்து மிகக் குறைவான பகுதி என்பதுதான் அதற்கு அர்த்தம். மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டம் அதில்தான் இருந்தது. தக்காணப் பீடபூமியின் நடுவில், மலை விளிம்பெல்லாம் எங்கோ தொலைவில் இருக்க, நம்மைப் போலவே பழைய பாறை மேல் உட்கார்ந்திருந்த ஊர்கள்.

1992-லேயே கில்லாரி கிராமத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. மக்கள் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். 1993 செப்டம்பர் 30, விநாயகர் சிலை கரைப்பு முடிந்து ஊர் களைத்துத் தூங்கிய இரவு. அதிகாலை 3:56 மணிக்கு 6.2 அளவில் குலுங்கியது. எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை இறந்ததாகக் கணக்குகள் சொல்கின்றன.

அந்த வீடுகளைப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் அவை மோசமான வீடுகள் இல்லை. வசதியானவர்களின் வீடுகள். இரண்டடி, இரண்டரை அடி கனத்தில் கருங்கல் சுவர். உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை கல். நடுவில் சல்லியும் மண்ணும். இரண்டு வரிசையையும் குறுக்கே பிடித்துக் கட்டும் நீளக்கல் கிடையாது. சேர்ப்பதற்கு மண் சாந்து. மேலே மரச்சட்டம், அதன் மேல் ஓரடி, ஒன்றரை அடிக்கு மண் பூச்சு. மராத்வாடா வெயிலுக்கு அது அருமையான கூரை, வீடு குளுகுளுவென்று இருக்கும். ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் கூரையில் இன்னும் கொஞ்சம் மண் அப்பிக்கொண்டே வருவார்கள். தரை பக்கவாட்டில் ஆடியபோது சுவரின் இரண்டு தோலும் தனித்தனியே பிரிந்து சரிந்தன. பல டன் மண் தூங்குபவர்கள் மேல் இறங்கியது. அடியில் மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை. அதே ஊரில் குடிசையில் படுத்திருந்தவர்களில் நிறைய பேர் பிழைத்துக்கொண்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஏழையின் கூரை காப்பாற்றியது.

ஆப்கானிஸ்தானின் குனாரிலும் இதே கதைதான். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகள், தூங்கும் நேரம், நிலத்துக்கு அடியில் வெறும் 8 கி.மீ. ஆழத்தில் மையம். ஆழம் குறைந்தால் அதிர்வு பாதி வழியில் தணிய வாய்ப்பே இல்லை. ஒரு 6.0 எப்படி 7.0-வின் வேலையைப் பார்க்கிறது என்பதற்கு இந்த மூன்றும் சேர்ந்தாலே போதும்.

சீனாவின் தாங்ஷான் நகரம் இதைவிடப் பெரிய அளவில் இதே தவறுக்கு விலை கொடுத்தது. ஆபத்து குறைந்த இடம் என்று குறிக்கப்பட்டிருந்ததால் அங்கே செங்கல் கட்டடங்கள் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லாமல் எழும்பின. 1976 ஜூலை 28 அதிகாலை 3:42. அரசின் கணக்கில் மட்டும் 2.42 லட்சம் பேர்.

லாத்தூருக்குப் பிறகு 52 கிராமங்கள் இடம் மாற்றிக் கட்டப்பட்டன. ஒன்றாம் மண்டலம் 2002 வரைபடத்திலிருந்தே எடுக்கப்பட்டது. லாத்தூர் இன்று மூன்றாம் மண்டலம். சேலமும் அதே எண்.

அகமதாபாத்: பார்க்கிங்குக்கு விட்ட தரைத்தளம்

"கல் வீடு, மண் வீடு பழைய கதை. எங்க வீடு பில்லர் போட்டு கான்கிரீட்டில் கட்டினது" என்று நினைப்பவர்கள் அகமதாபாத்தைப் பார்க்க வேண்டும்.

2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை 8:46. குஜராத்தின் பூஜ் அருகே 7.7. கச் பகுதி ஐந்தாம் மண்டலம். அங்கே ஏற்பட்ட அழிவை ஓரளவு எதிர்பார்க்க முடியும். அகமதாபாத் அங்கிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளி, மூன்றாம் மண்டலத்தில் இருந்தது. அங்கேயும் எழுபதுக்கு மேற்பட்ட கான்கிரீட் கட்டடங்கள் விழுந்து சுமார் 750 பேர் இறந்தார்கள். விழுந்தவற்றில் நிறைய, கட்டி ரொம்ப காலம் ஆகாத அடுக்குமாடிகள்.

அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஓர் அம்சம் இருந்தது: கீழே பார்க்கிங், மேலே நான்கு மாடி. மேல்மாடிகளில் அறைக்கு அறை செங்கல் சுவர் இருப்பதால் அவை ஒரு பெட்டி போல விறைப்பாக நிற்கும். தரைத்தளத்தில் சுவரே கிடையாது, வெறும் பில்லர்கள். தரை ஆடும்போது வளைய வேண்டிய மொத்த வளைவும் அந்த ஒரு தளத்தின் மேல் விழுகிறது. பில்லர் தலைப்பகுதியில் முறிகிறது, மேலே இருக்கும் பெட்டி அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. ஒல்லிக் காலில் நிற்கும் கனமான ஆள் மாதிரி.

இப்போது சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கமோ அழகாபுரம் பக்கமோ ஒரு நடை போனால் தலைக்கு மேல் தெரிவது என்ன? ஸ்டில்ட் பார்க்கிங் விட்ட அபார்ட்மென்ட்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் போனால் கீழே தறிக்கூடம், மேலே குடும்பம். கடைத்தெருவில் முன்பக்கம் முழுக்க ஷட்டர், மேலே இரண்டு மாடி. மூன்றும் கட்டட அமைப்பில் ஒரே குடும்பம்தான்: கீழ்த்தளத்தில் சுவர் இல்லை அல்லது ஒருபக்கம் மட்டும் இல்லை.

ஸ்டில்ட் பார்க்கிங்கே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தரைத்தள பில்லர்களைக் கூடுதல் பலத்தோடு வடிவமைக்க வேண்டும், லிஃப்ட்டைச் சுற்றியோ வேறு சில இடங்களிலோ கீழிருந்து மேல்வரை கான்கிரீட் சுவர் தர வேண்டும் என்று விதிகளிலேயே இருக்கிறது. செய்தால் நிற்கும். செய்யவில்லை என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் சிக்கல்.

ஏரிக்கு மேல் வீடு

அதே அதிர்வு, அதே கட்டடம், ஆனால் அடியில் இருக்கும் மண் வேறு என்றால் முடிவும் வேறு. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கடற்கரையில் 8.0. மையத்துக்கு அருகில் இருந்த ஊர்களைவிட, சுமார் 350 கி.மீ. தள்ளி இருந்த மெக்சிகோ சிட்டிதான் நொறுங்கியது. சுமார் 10,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. காரணம், அந்த நகரத்தின் மையம் வற்றவைத்த ஓர் ஏரியின் சேற்றுப்படுகை மேல் நிற்கிறது. கிண்ணத்தில் வைத்த ஜெல்லி மாதிரி அந்தப் படுகை அதிர்வைப் பெரிதாக்கி நீட்டியது. அதன் ஆட்டத்தோடு தாளம் ஒத்துப்போன ஆறு முதல் பதினைந்து மாடிக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இங்கே அதிர்ஷ்டம் உண்டு; பெரும்பாலான இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. ஆனால் ஏரியாக இருந்து மனையான இடங்களும் இந்த மாவட்டங்களில் இருக்கின்றன. மெக்சிகோ அளவுக்கு ஆழமான படுகை இங்கே இல்லை என்றாலும், நிரப்பிய மண்ணில் மண் பரிசோதனை செய்யாமல் அடித்தளம் போடுவது நிலநடுக்கமே வராவிட்டாலும் தலைவலிதான்.

நேரத்தின் விளையாட்டு தனி. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 வந்தபோது பகல் 11:56, சனிக்கிழமை. அங்கே சனிதான் வார விடுமுறை. ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் இடிந்தபோது வகுப்பறைகள் காலியாக இருந்தன. 2005 அக்டோபர் 8, காஷ்மீர் நிலநடுக்கமும் ஒரு சனிக்கிழமையில்தான் வந்தது, ஆனால் பாகிஸ்தான் பக்கம் அன்று பள்ளி நாள், காலை 8:50. வகுப்பறைக்குள் இறந்த குழந்தைகள் மட்டும் பல ஆயிரம். நேரத்தை யாரும் தேர்வு செய்ய முடியாது. அதை முன்கூட்டிச் சொல்லும் அறிவியலும் உலகத்தில் எங்கும் இல்லை. "இன்று இரவு 11 மணிக்கு" என்று வாட்ஸ்அப்பில் வருவது எதுவாக இருந்தாலும் பொய்.

கம்பியில் இருக்கிறது விஷயம்

மூன்றாம் மண்டலத்திலிருந்து மேலே, கான்கிரீட் கட்டடங்களில் கம்பி கட்டும் முறைக்குத் தனி விதி உண்டு. ஐஎஸ் 13920 என்று பெயர். சேலத்தில் வீடு கட்டும் எவருக்கும் அது பொருந்தும். அதன் சாரம், பில்லரில் நேர்க்கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்கில் இருக்கிறது. ரிங்கின் இரண்டு முனையையும் சும்மா 90 டிகிரியில் மடக்கி விட்டால், பில்லர் ஆடும்போது அது வாயைப் பிளந்துவிடும், உள்ளே இருக்கும் கான்கிரீட் உதிர்ந்து கொட்டும். 135 டிகிரிக்கு உள்பக்கமாகக் கொக்கி போல மடக்கினால் ரிங் பிடியை விடாது. பில்லரும் பீமும் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ரிங்குகளை நெருக்கி வைக்க வேண்டும். கம்பி கட்டுபவருக்கு இது கூடுதல் கைவேலை. செலவில் பெரிய வித்தியாசம் வராது. அதனாலேயே, யாரும் கேட்கவில்லை என்றால் விட்டுப்போவதும் இதுதான்.

பில்லர் இல்லாமல் செங்கல்லிலோ ஹாலோ பிளாக்கிலோ சுவர் மேலேயே வீடு கட்டுபவர்கள் இங்கே இன்னும் நிறைய. அவர்களுக்கு முக்கியமானது லிண்டல். ஜன்னல், கதவுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாகப் போடாமல், வீட்டின் எல்லாச் சுவரையும் சுற்றி ஒரே பெல்ட்டாக ஓட விட வேண்டும். கில்லாரிச் சுவர்களில் இல்லாதது அதுதான். பழைய கருங்கல் வீட்டில் இருப்பவர்கள் இடித்துக் கட்ட வேண்டும் என்று அவசியம் இல்லை; குறுக்கே நீளக்கல் பிணைப்பு தருவது, சுவரை மேல்மட்டத்தில் இரும்புப் பட்டையால் சுற்றிக் கட்டுவது என்று லாத்தூருக்குப் பிறகு பழக்கத்துக்கு வந்த வழிகள் உண்டு. கூரையின் எடையைக் குறைப்பதே பாதி வேலை.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஆன்லைனில் விண்ணப்பித்தால் உடனடி அனுமதி. அலைச்சல் மிச்சம், நல்ல விஷயம். ஆனால் பழைய முறையோ புதிய முறையோ, அனுமதிக்கான வரைபடத்தில் ரோட்டிலிருந்து எத்தனை அடி விட்டிருக்கிறீர்கள் என்பது தெரியும். ரிங் எத்தனை டிகிரியில் மடங்கியிருக்கிறது என்பது தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரரும் அவர் வைத்திருக்கும் இன்ஜினீயரும்தான். அபார்ட்மென்ட் வாங்குபவர்களுக்கு ரெரா சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது: கட்டட அமைப்பில் குறை தெரிந்தால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுவரை கட்டுநர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். சிலி நாட்டில் கொடுப்பதில் பாதி.

நிஜமாகவே தரை ஆடினால்? மாடியில் இருப்பவர்கள் படிக்கட்டுக்கு ஓடுவதுதான் பெரிய தவறு. உறுதியான மேசைக்கு அடியில் தலையை மறைத்துக்கொண்டு, ஆட்டம் நிற்கும்வரை அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தரைத்தள ஓட்டு வீடோ கல் வீடோ, வாசல் இரண்டு எட்டில் இருந்தால் வெளியே போவது நல்லது. ஆனால் காம்பவுண்ட் சுவர், கைப்பிடிச் சுவர், மின்கம்பி எதற்கும் கீழே நிற்கக் கூடாது. உள்ளே திரும்பிப் போக அவசரப்படவும் கூடாது, பின்னதிர்வு வரும்.

வீடு கட்டப்போகிறவர்கள் இன்ஜினீயரிடம் கேட்க வேண்டியவை சில: டிசைன் மூன்றாம் மண்டலத்துக்குப் போட்டதா, மண் பரிசோதனை அறிக்கை எங்கே, பார்க்கிங் தளத்தின் பில்லருக்கு என்ன கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். பதிலை வாயால் வாங்காமல் டிராயிங்கில் வாங்குங்கள். கான்கிரீட் ஊற்றிவிட்டால் உள்ளே ரிங் எப்படி மடங்கியிருக்கிறது என்று வெறும் கண்ணால் பார்க்க முடியாது. போன் கேமராவைத் திறக்க வேண்டியது அதற்கு முந்தின நாள் மாலை, கம்பி கட்டி முடித்ததும்.